எட்டு ஜிபி

லேபிள் கம்பெனிக் கணினிக்கு எட்டு வயசு.
காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு
பேக்கரிக்குப் போய் ஒரு டீ குடித்து
தேங்காய் பன்னில் பாதியைத் தின்றுவிட்டு
வந்தாலும்
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

"ரேம் போடோணுமுங்" என்றேன்.
சென்னியப்பன் அண்ணன் நூல் விலையைச் சொன்னார்.
நூல் விலை இறங்கிய மாசத்தில் கேட்டேன்.
டாலர் விலையைச் சொன்னார்.

எங்கோ படித்திருந்தேன்:
வேகமான பென் டிரைவ் ஒன்றைச் செருகிவைத்தால்
அடிக்கடி கேட்கிற சில்லறைச் சாமான்களுக்கு
அதில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுமாம் கணினி.
ஒவ்வொன்றுக்கும் ஹார்டு டிஸ்க்கைப் போய்ச் சுரண்டாதாம்.

ஐந்நூறு ரூபாய். என் காசு.
சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும்
குமரன் ரோட்டில்
பனியன் பொதி ஏற்றிய ஆட்டோக்களுக்குள் புகுந்து
மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அஜ்மல் கடைக்குப் போனேன்.

கண்ணாடிக்குக் கீழே
சாவி மாதிரி ஒன்று, சாக்லேட் மாதிரி ஒன்று,
கிரிக்கெட் மட்டை மாதிரிகூட ஒன்று.
முப்பத்திரண்டு என்று பெரிசாய்ப் போட்டதைக் காட்டி
"இதைக் கொடுங்க" என்றேன்.
"எதுக்குங்க்கா?"
சொன்னேன்.
எடுத்ததைத் திரும்ப உள்ளே வைத்தான்.

"இது படம் ஏத்திட்டுப் போறவங்களுக்கு."
தன் கணினியில் செருகிக் காட்டினான்.
ஒரே ஒரு பெரிய கோப்பு, சர்ரென்று போனது.
அப்புறம் யாரோ கம்பெனியின் லேபிள் படங்கள்,
நாலாயிரம்,
ஒவ்வொன்றும் எள்ளளவு.
பச்சைக் கோடு நின்றது.
நகர்ந்தது. நின்றது.

எனக்கா புரியாது?
மூணு வருஷம் பேக்கிங்கில் நின்றவள்.
நூறு கிலோப் பொதியை
நாலு பேர் ஒரே தம்மில் வண்டியில் எறிந்துவிடுவார்கள்.
சைஸ் ஸ்டிக்கர் டப்பா கொட்டிப்போனால்
எஸ், எம், எல் என்று பொறுக்கிப் பிரிக்க
கடைசி பஸ் போய்விடும்.
அதற்கு வேறு விரல்.

ஒவ்வொன்றாய்ச் செருகினோம்.
வெள்ளி நிறத்தது சூடானது.
சுழல்மூடி போட்டது நன்றாய் ஆரம்பித்து
ஐந்நூறாவது கோப்பில் மூச்சு வாங்கியது.
அறுபத்து நான்கு என்று சொன்ன ஒன்று
எட்டுக்கு மேல் எழுத எழுத
முன்னால் எழுதியதை மறந்துகொண்டே வந்தது.
"டூப்ளிகேட்டு. பாருங்க, எனக்கே வித்துட்டான்"
என்று அஜ்மல் சிரித்தான்.
ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

கடைசியில்
அவன் சாவிக்கொத்தில் தொங்கிய கறுப்பு ஒன்று.
எட்டு ஜிபிதான். பேர்கூடத் தேய்ந்துவிட்டது.
கோடு ஓடவில்லை.
நடந்தது. நடந்துகொண்டே இருந்தது,
நாலாயிரத்துக்கும்.

"இது விக்கிறதுக்கில்லீங்க்கா" என்றான்.
நானூற்றைம்பதுக்குக் கொடுத்தான்.
"முன்னாடி குத்தாதீங்க, பின்பக்கம் குத்துங்க."

திங்கட்கிழமை, மேசைக்கடியில் மண்டியிட்டு
பஞ்சும் தூசியும் அப்பிய துளையைத் தடவிச் செருகினேன்.
முதல் தரம் தலைகீழ்.
திருப்பினால், அதுவும் தலைகீழ்.
மூன்றாவதில் நீலப் புள்ளி துடித்தது.
அன்றைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.
செவ்வாயும் இல்லை.
வியாழக்கிழமை
தேங்காய் பன்னைப் பொட்டலமாய் வாங்கிவந்து
திறந்துகிடந்த கணக்கின் முன்னால்
உட்கார்ந்து தின்றேன்.

"பாத்தியா மைனா, ரேமெல்லாம் எதுக்குன்னு
நாஞ் சொன்னனில்ல?" என்றார் அண்ணன்.
ஆமாங் என்றேன்.

ஐப்பசியில் வேறு கம்பெனி கிடைத்தது.
கடைசி நாள் குனிந்து அதை உருவினேன்.
"ஏய், அதுல நம்ம கணக்கெல்லாம்..." என்று
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஒண்ணுமில்லீங். எல்லாம் நகலுங்.
எடுத்தா எதுவும் தொலையாது.
கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு
செருப்பை மாட்டாமல் ஒரு நொடி நின்றேன்.

பஸ்ஸில் உள்ளங்கைக்குள் இருந்தது,
புஷ்பா தியேட்டர் நிறுத்தம் வரைக்கும்
வெதுவெதுப்பாக.